ஐந்து மணிக்கு மேல் மேசையில் இருந்த புரதம்

ஆய்வகத்துக்குள் வரும்போதெல்லாம் லேப் அக்கா வாசலின் இரும்புச் சட்டத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைப்பார். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் உள்ளே வருவார். பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடட்டும் என்பதற்காக. பதினாறு சீசன் அப்படித் தொட்டுப் பழகிய கை எங்கள் வாசலையும் விடவில்லை. எங்கள் ஆய்வகத்தில் வெடிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. உப்புத் தண்ணீரும் பாக்டீரியாவும் சாயமும்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு இருபது தடவை தொட்டுத் தொட்டு, அவர் கை படுகிற உயரத்தில் மட்டும் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. மற்றவர்கள் அதை ரசித்தார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இந்த மனுஷி நம் வேலையையும் பட்டாசுக் கம்பெனி வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று முதல் வாரமே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். படிப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். அவரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அதனால் அவரைப் பற்றி இனிக்க இனிக்க எழுத என்னால் முடியாது. என்னைப் பற்றியும் அப்படி எழுதப்போவதில்லை.

விருதுநகருக்கு வெளியே பொட்டலில் நின்றது எங்கள் கல்லூரி. பட்டாசு ஆலை வைத்திருந்த ஒரு குடும்பம் கட்டியது. நான் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு ஊருக்குள் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. என் வாயில் காரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். லேப் அக்காவுக்கு ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. பக்கத்து ஆலையில் ஒரு நாள் பெரிய சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே ஓடினார்களாம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு வெளியே ஓடிய கால் மறுபடி அந்த அறைக்குள் போக மறுத்துவிட்டது. எங்கள் கல்லூரியைக் கட்டிய அதே முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, "கூட்டுற வேலைன்னாலும் சரிங்க, அந்த ரூமுக்குள்ள இனிமே என்னை உக்கார வைக்காதீக" என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். டியூப் கழுவுவது, உலர்த்தும் மின்னடுப்பில் காயவைப்பது, மேசை துடைப்பது அவர் வேலை. நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் அப்போதும் போகாமல் இருந்தது. நான் டியூபை உலுக்கிக் கலக்கினால் முகம் சுளிப்பார். "உலுக்காதீக பாப்பா, மெல்லக் கலக்குங்க" என்பார். என் மேசையைப் பார்த்து, "படிச்ச பிள்ளை இருக்குற இடம் மாதிரியா இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல எனக்குக் கேட்கும்படி சொல்வார். சொன்னது சரிதான் என்பதால் இன்னும் கோபம் வரும்.

என் ஆய்வு மலேரியா ஒட்டுண்ணியைப் பற்றியது. அது நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து தின்று, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவைத் தேடுகிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை இதே கூத்து. ஆனால் அதில் கொஞ்சம் மட்டும் ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்தி, ஆண் வடிவமாகவும் பெண் வடிவமாகவும் மாறுகின்றன. கொசுவின் வயிற்றுக்குள் பிழைக்கக்கூடியவை அவைதாம். அவை இல்லாவிட்டால் நோய் ஒருவரோடு நின்றுவிடும். எந்த நேரத்தில் எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது சில புரதங்கள். அவை டி.என்.ஏ. மீது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் மரபணு வேலை செய்யும். டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி மாதிரி. மரபுச் செய்தியின் எழுத்துகள் உள்ளே ஜோடி ஜோடியாகப் பூட்டிக் கிடக்கின்றன. புரதம் அந்த ஏணியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முறுக்கின் பள்ளத்துக்குள் தன் மடிப்பு ஒன்றை நுழைத்து, எழுத்துகளின் ஓரத்தைத் தடவியே இது நம் இடம் என்று தெரிந்துகொள்கிறது. அத்தா கட்டிய சாக்கின் வாய்க்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே இது சம்பா வத்தல், இது குண்டு வத்தல் என்று சொல்வார். எனக்கு இந்த விஷயம் புரிந்தது அப்படித்தான்.

ஆனால் இதில் ஒரு தொல்லை இருக்கிறது. டி.என்.ஏ. மீது ஒட்டிக்கொள்ளும் குணம் ஏகப்பட்ட புரதங்களுக்கு உண்டு. ஒட்டிக்கொள்வது வேறு, அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது வேறு. எங்கள் புரதம் ஆறே எழுத்துள்ள ஓர் இடத்தை அடையாளம் காண்கிறது என்று நிரூபிப்பதுதான் என் முழு ஆய்வேடும். அந்தப் புரதத்தை ஒட்டுண்ணியிலிருந்து நேரடியாக எடுக்க எங்களுக்கு வசதி கிடையாது. அதன் மரபணுவை ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே அதைச் செய்யவைத்து, பிறகு பாக்டீரியாவின் சொந்தச் சரக்கையெல்லாம் கழுவி நீக்கி எடுக்க வேண்டும். பல மாதம் தோற்று, ஒருவழியாக ஒரு டியூபில் அரை மில்லி சேர்ந்தது. ஒளிரும் சாயம் ஒட்டிய டி.என்.ஏ.வோடு அதைக் கலந்து, ஜெல் என்னும் கூழ்ப் பலகையில் மின்சாரம் கொடுத்து ஓடவிட்டேன். தனி டி.என்.ஏ. விறுவிறுவென்று அடிவரை ஓடிவிடும். புரதம் பிடித்துக்கொண்டால் நடை தளர்ந்து மேலேயே நின்றுவிடும். மேலே ஒரு பட்டை தெரிந்தது. ஆறெழுத்தை மாற்றிக் கெடுத்த டி.என்.ஏ.வைக் கொடுத்துப் பார்த்தேன், அதைச் சீந்தவில்லை. நான் அன்று அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அந்த ஜெல்லில் ஒவ்வொரு கலவையும் தனித்தனியாக ஓட எட்டுத் தடங்கள் இருந்தன. ஏழு தடங்கள் நான் விரும்பியதைச் சொல்லின. எட்டாவதில் எங்கள் புரதமே இல்லாத வெறும் பாக்டீரியாவின் சாற்றை, அதே முறையில் கழுவி எடுத்து ஊற்றியிருந்தேன். அங்கே ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது. அதே உயரத்தில் அதே பட்டை. அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: டி.என்.ஏ.வைப் பிடித்தது எங்கள் புரதம் இல்லை, கழுவியும் போகாமல் தங்கிய பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதம். இரண்டாம் ஆண்டு மாணவிக்குக்கூட இது புரியும். எனக்குப் புரியவில்லையா? புரிய விடவில்லை. எங்கள் கல்லூரியில் பிளாஸ்டிக் டியூபையும் கழுவித்தான் மறுபடி பயன்படுத்துவோம். லேப் அக்கா சரியாகக் கழுவியிருக்க மாட்டார், பழைய டியூபில் ஒட்டியிருந்த என் புரதம் இதில் கலந்துவிட்டது என்று அந்த நிமிஷமே சொல்லிக்கொண்டேன். அவர் டியூபை வெயிலுக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழுவுகிறவர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு மூத்த ராத்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலரை மணிக்கு வீட்டிலிருந்து போன் மேல் போன். பத்துச் சின்ன டியூப்களில் பிரித்து உறைய வைக்க வேண்டிய புரதத்தை, பிரிக்காமல், பெயர் எழுதாமல், காலையில் நிரப்பிய ஐஸ் பெட்டியில் செருகியபடி மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எட்டு மணிக்குள் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியை ருசித்துச் சாப்பிட்டார்கள், பேச்சு வளர்ந்தது, நான் வரவில்லை.

காலையில் ஐஸ் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. டியூப் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதில் இருந்தது எங்கே?" என்றேன்.

"தண்ணி வாளியில ஊத்திட்டேன் பாப்பா. அஞ்சு மணிக்கு ஐஸெல்லாம் உருகிக் கெடந்துச்சு, பேரும் இல்ல. மீந்ததை மேசையில ராத்தங்க விடப்படாதுல்ல" என்றார் லேப் அக்கா. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. பட்டாசு ஆலையில் அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். மீந்தால் அறையில் வைக்கக் கூடாது, தண்ணீரில் கொட்டி அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி விட்டுவைத்த ஒரு கை மருந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிரைக் காக்கிற அந்த வழக்கத்தை அவர் என் மேசைக்கும் செய்தார். நான் கத்தியதில் அடுத்த துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

சனிக்கிழமை துறைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் எழுந்து, இவருடைய அலட்சியத்தால் என் உழைப்பு முழுதும் போயிற்று, இவருக்கு ஒரு ஜெல்லையும் ஒரு புஸ்வாணத்தையும் வித்தியாசம் தெரியாது, இவர் கழுவும் டியூபையும் நம்ப முடியவில்லை என்றேன். சிலர் சிரித்தார்கள். லேப் அக்கா கதவோரம் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, துறைத்தலைவரைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மேல மேசையில ஒன்னும் இருக்கப்படாது, இருந்தா எடுத்துக் கொட்டிருன்னு ஐயாதானே சொன்னாக" என்றார். அது உண்மை. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் துறைத்தலைவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். துறைத்தலைவர் தன் முன்னால் இருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை முதல் அவர் வரவேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போகும்போது என்னிடம், "நான் எங்க போவேன்னு தெரியும்ல மேடம்?" என்றார். அதுவரை பாப்பாவாக இருந்த நான் அன்றைக்கு மேடம் ஆனேன். எங்கே போவார் என்று தெரியும். எம். புதுப்பட்டியில் அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்.

அதன் பிறகு புரதத்தை நான்கு தடவை புதிதாகச் செய்தேன். பயந்து பயந்து ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகக் கழுவினேன். நான்கு தடவையும் அந்தப் பட்டை வரவே இல்லை. கழுவக் கழுவக் கலப்படம் போய்விட்டது, அதோடு என் கண்டுபிடிப்பும் போய்விட்டது. எளிமையான கணக்கு. ஆனால் எனக்கு ஒரு சாக்கு கைவசம் இருந்தது: நல்ல புரதம் முதல் டியூபில் இருந்தது, அதைத்தான் அந்த அம்மா வாளியில் ஊற்றிவிட்டாரே. துறைத்தலைவரும் அதையே சொன்னார். என் ஆய்வுக்கு வழிகாட்டியும் அவர்தான், அவருக்கும் ஆய்வேடு முடிந்தால் போதும். பழைய ஜெல் படத்தையே போடலாம் என்றார். எட்டாவது தடத்தை ஓரத்தோடு வெட்டி எடுத்தது நான். சிவகாசியில் தெரிந்தவர் அச்சகத்தில் படப் பக்கங்களைப் பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். படம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறதே, நடுவில் வைக்கட்டுமா என்று அச்சுக்கோப்பவர் கேட்டார். வையுங்கள் என்றேன். பட்டம் வந்தது, வேறொரு கல்லூரியில் வேலை வந்தது. அந்த அம்மா மட்டும் கொட்டாமல் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். வருஷக்கணக்கில் ஒருவரை வெறுப்பதற்கு இவ்வளவு பிரயாசை தேவைப்படுகிறதே, அது ஏன் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். வெறுப்பை விட்டால் எட்டாவது தடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் விடவில்லை.

போன வருஷம் என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவி, என் ஆய்வேட்டை நம்பி அதே புரதத்தை எடுத்தாள். வசதிகள் இப்போது வேறு. ஆறு மாதம் போராடிவிட்டு என் அறைக்கு வந்தாள். "மேம், உங்க ஆறெழுத்தை இது கண்டுக்கவே இல்ல. இது தேடுற இடமே வேற. நான் எங்க தப்புப் பண்றேன்னு தெரியல" என்றாள். அழுதிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளையும் அப்படியே அனுப்பிவைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. நீ சரியாகக் கழுவவில்லை என்று சொன்னால் போதும், நம்பியிருப்பாள். பழைய கணினியைத் திறந்து வெட்டாத படத்தை எடுத்து அவளிடம் காட்டினேன். எட்டாவது தடத்தை அவள் மூன்று நொடி பார்த்தாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டி போனேன். வீட்டைக் கேட்டபோது ஒருவர், "யாரு, காலேஜுல மருந்தைக் கொட்டினவுகளா?" என்று கேட்டார். அப்படித்தான் அவர் பெயர் ஊருக்குள் நிலைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தாலும் வாசலில் "வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். லேப் அக்கா சொன்னார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டியூபில் இருந்தது ஒன்றுக்கும் உதவாத சரக்கு, நீங்கள் கொட்டியதால் எதுவும் கெடவில்லை, உங்கள் கழுவலில் குறை இல்லை, எனக்கு அது அன்றைக்கே தெரியும் என்றேன்.

"அன்னைக்கேவா?" என்றார்.

"ஆமா."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண் மறுபடி வெள்ளியாக இருந்தது. "ஒம்பது சீசன் அந்த ரூமுக்குள்ளதான் மறுபடி உக்காந்தேன். ஒவ்வொரு நாளும் ஈரக்குலையைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். எனக்கு ஒன்னும் ஆகல. ஆகலைங்கிறதாலதான் நீங்க இம்புட்டு லேசா வந்து நிக்கிறீக" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அன்னைக்குப் பன்னெண்டு பேரு இருந்தாக. அம்புட்டுப் பேரு முன்னாடி சிரிக்கச் சிரிக்கச் சொன்னீக. இன்னைக்கு ஆளில்லாத வீட்டுக்கு வந்து என் காதுக்குள்ள சொல்றீக. இதை நான் எங்கன கொண்டுபோய் வைக்க? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க." கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டார். பேருந்தில் திரும்பும்போது எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு தேடி வந்து தலை குனிந்தவளிடம் இப்படியா என்று. விருதுநகர் வருவதற்குள் அந்த ஆத்திரமும் பழைய சாக்கின் தங்கச்சிதான் என்று தெரிந்துவிட்டது.

துறைத்தலைவர் இப்போது அந்தக் கல்லூரியின் முதல்வர். அந்தப் பன்னிரண்டு பேரையும் அதே அறையில் மறுபடி கூட்ட வேண்டும் என்று நான் சொன்னதைப் போனில் பொறுமையாகக் கேட்டார். "உங்க டிகிரிக்கே வினையாகிடும்மா. அந்தம்மாவுக்கு வேற ஏதாவது வழி பண்ணுவோம், எதுக்குக் கூட்டமெல்லாம்?" என்றார். நான் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன், படத்தை வெட்டியது நானே என்று எழுதிவிட்டேன் என்றதும் அவர் குரல் மாறியது. பட்டத்தை என்ன செய்வார்கள் என்று இதை எழுதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலையும் அதோடு போகலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக்கு அந்தப் பழைய அறையைக் கொடுத்தார். தனக்கு வேறு வேலை இருக்கிறது, வர முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நேரில் வந்தார்கள். வெளிநாட்டில் இருந்த இருவர் செல்போன் திரையில் இருந்தார்கள். நான் சொல்லியனுப்பியிருந்த லேப் அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். நான் எட்டுத் தடத்தையும் திரையில் போட்டேன். பெயர் எழுதாத டியூபை மேசையில் விட்டுப் போனது நான், ஐந்து மணி விதியைச் சொன்னது துறைத்தலைவர், அதைக் கேட்டு நின்றது நான், கூட்டத்தில் வாய் திறக்காதது நாங்கள் இரண்டு பேரும், ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளை அனுப்பிவிட்டோம் என்றேன். புஸ்வாணத்தைப் பற்றி நான் சொன்ன அந்த வாக்கியத்தையும் அப்படியே திருப்பிச் சொன்னேன், சிரித்தவர்கள் கேட்கட்டும் என்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்தபோது லேப் அக்காவின் முகத்தில் எனக்கு எந்தச் சலுகையும் இல்லை.

அப்போது கதவு திறந்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதல்வர் வேகமாக வந்திருந்தார், மூச்சு வாங்கியது. "நீங்க தொடருங்க" என்று கையால் காட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்காரப் போனார்.

லேப் அக்கா நாற்காலியில் திரும்பி அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா இப்பத்தான் வாராக. முதல்ல இருந்து சொல்லுங்க."

நான் முதலிலிருந்து சொன்னேன்.